பார்க்கின் கேக் சரியாக வராதபோது: அறிகுறி வாரியாகக் காரணமும் திருத்தமும்

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில் குளிர்காலம் தொடங்கும் வேளையில் சுடப்படும் பார்க்கின், மைதாவோடு ஓட்மீல் என்னும் உடைத்த ஓட்ஸும், டிரீக்கிள் என்னும் கரிய சர்க்கரைப் பாகும், தாராளமான சுக்குத் தூளும் சேர்ந்த கேக். நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க 1605ஆம் ஆண்டு நடந்த சதி முறியடிக்கப்பட்டதை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் நவம்பர் 5ஆம் தேதி இரவில் திறந்த வெளியில் பெருநெருப்பு மூட்டிக் கொண்டாடுவது இங்கிலாந்தின் வழக்கம். சதியில் கையும் களவுமாகப் பிடிபட்ட கை ஃபாக்ஸ் யார்க் நகரத்துக்காரர். அந்த இரவில் நெருப்பைச் சுற்றி நின்று தின்னும் பலகாரமாகவே பார்க்கின் அறியப்படுகிறது. ஈரமும் குளிரும் மிகுந்த அந்த வட மாவட்டங்களில் கோதுமையைவிட ஓட்ஸ் நம்பகமாக விளைந்ததால்தான் இந்தக் கேக்கில் ஓட்ஸுக்கு இவ்வளவு இடம் கிடைத்தது.

குறைகளைத் தேடும் முன் நிறை எது என்பதில் தெளிவு வேண்டும். நன்றாக வந்த பார்க்கின் உயரமாக எழும்பியிருக்காது. பஞ்சுபோல் அமுங்கி எழாது. ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் உயரத்தில், ஆழ்ந்த பழுப்பு நிறத்தில், அடர்த்தியாக, விரலில் இலேசாக ஒட்டும் ஈரத்தோடு இருக்கும். முட்டை அடித்துச் சுடும் ஸ்பாஞ்ச் கேக்கில் பழகியவர்கள் இந்த அடர்த்தியையே பிழையென்று எண்ணி, அடுத்த முறை சோடாவைக் கூட்டுகிறார்கள். உண்மையான பிழை அங்கேதான் தொடங்குகிறது. அதைவிட முக்கியமானது, சுட்ட அன்று இந்தக் கேக்கைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பது. மூடிய டின்னுக்குள் குறைந்தது மூன்று நாளும், பொறுமை இருந்தால் ஒரு வாரமும் இருந்த பின்பே பார்க்கின் தன் உண்மையான நிலைக்கு வருகிறது. நவம்பர் 5க்கு வேண்டுமென்றால் அக்டோபர் கடைசி நாட்களிலேயே சுட்டுவிட வேண்டும்.

கீழே வரும் விளக்கங்கள் பின்வரும் அளவுகளை அடிப்படையாகக் கொண்டவை. 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு 175 கிராம் மைதா, 175 கிராம் நடுத்தர ஓட்மீல், 125 கிராம் வெண்ணெய், 150 கிராம் டிரீக்கிள், 75 கிராம் கோல்டன் சிரப் (பொன்னிறச் சர்க்கரைப் பாகு), 100 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு முட்டை, 125 மி.லி. பால், தலை தட்டிய ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு மேசைக்கரண்டி சுக்குத் தூள், அரைத் தேக்கரண்டி ஜாதிக்காய்த் தூள், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெய், பாகுகள், சர்க்கரை ஆகியவற்றைச் சிறு தீயில் உருக்கி, வெதுவெதுப்பாகும்வரை ஆறவிட்டு, ஓட்மீலைக் கலந்து ஊறவைத்து, பிறகு பாலும் முட்டையும், கடைசியாக மசாலாவும் உப்பும் சோடாவும் சேர்த்துச் சலித்த மைதாவும் கலந்து, விசிறியில்லாத ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை சுட வேண்டும். விசிறி ஓவனானால் 130 டிகிரி. எரிவாயு ஓவனானால் 2ஆம் எண்.

கேக் கடினமாகவும் வறண்டும் இருக்கிறது

பார்க்கினைப் பற்றிய புகார்களில் இதுவே முதலிடம். பலமுறை இதற்குத் திருத்தமே தேவைப்படாது. ஓவனிலிருந்து எடுத்த நாளில் கேக்கின் மேற்பரப்பும் ஓரங்களும் வறண்டிருக்கும், நடுப்பகுதி ஈரமாக இருக்கும், ஓட்மீல் துகள்கள் இன்னும் நீரை முழுமையாக உறிஞ்சியிருக்காது. காற்றுப் புகாத டின்னுக்குள் நாட்கள் செல்லச் செல்ல நடுவிலுள்ள ஈரம் ஓரங்களுக்குப் பரவுகிறது. டிரீக்கிளிலும் கோல்டன் சிரப்பிலும் சாதாரணச் சர்க்கரையோடு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கணிசமாக இருக்கின்றன; இவை, குறிப்பாக ஃபிரக்டோஸ், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. ஓட்ஸிலுள்ள பீட்டா குளுக்கன் என்னும் நார்ப்பொருளும் நீரை மெதுவாக ஏற்று வழவழப்பாகிறது. இவையெல்லாம் சேர்ந்துதான், முதல் நாள் பிஸ்கெட்டைப்போல் மொறுமொறுத்த மேற்பரப்பு நான்காம் நாள் பிசுபிசுக்கிறது. எனவே கேக்கைப் பட்டர் பேப்பரில் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, மூடி இறுகும் டின்னில் வைத்து நான்காம் நாள் மீண்டும் பாருங்கள்.

ஒரு வாரம் கழித்தும் கடினமாகவே இருந்தால் மூன்று இடங்களைச் சோதிக்க வேண்டும். முதலாவது பாகு உருக்கிய முறை. வெண்ணெய் உருகி, சர்க்கரை கரைந்து, பாகு இளகினால் போதும். கலவை கொதிக்கவே கூடாது. கொதித்தால் பாகிலுள்ள நீர் ஆவியாகிப் பதம் ஏறிவிடுகிறது, பதம் ஏறிய பாகு ஆறியதும் மிட்டாயைப்போல் இறுகுகிறது. பாத்திரத்தின் விளிம்பில் சிறு குமிழிகள் தோன்றும் முன்பே அடுப்பை அணைத்துவிட்டு, மிச்சமிருக்கும் வெண்ணெய்த் துண்டுகளைப் பாத்திரத்தின் சூட்டிலேயே கரைய விடுவது நல்லது.

இரண்டாவது, டிரீக்கிளின் அளவு குறைந்திருக்கலாம். குளிர்காலச் சமையலறையில் இது மிக எளிதாக நடக்கும். 12, 13 டிகிரி குளிரில் டிரீக்கிள் ஏறக்குறைய அசைவதே இல்லை. கரண்டியால் அள்ளினால் அதன் முதுகிலும் காம்பிலும் தடிமனாகப் படிந்து, கலவைக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு கரண்டியோடே நின்றுவிடும். கரண்டிக் கணக்கை விட்டுவிட்டு எடைக்கு மாறுவதே சரியான தீர்வு. டிரீக்கிள் டப்பாவின் மூடியைத் திறந்து, வெந்நீர் நிறைந்த பாத்திரத்தில் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள். உருக்கும் பாத்திரத்தையே தராசின்மேல் வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, இளகிய பாகை நேரடியாக அதில் ஊற்றுங்கள். கரண்டி பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் அதை முதலில் வெந்நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கேக் அதிக நேரமோ அதிகச் சூட்டிலோ வெந்திருக்கலாம். இதைத் தனியாகக் கீழே பார்க்கலாம்.

டிரீக்கிள் கிடைக்காமல் வெல்லப்பாகு ஊற்றிச் செய்தவர்களுக்கும் இதே அறிகுறி தென்படும். வெல்லத்தில் பெரும்பகுதி சாதாரணச் சர்க்கரையே. ஈரத்தைப் பிடிக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அதில் குறைவு என்பதால், சுவை நன்றாக இருந்தாலும் நாளாக நாளாக இளகும் குணம் அந்தக் கேக்குக்கு வராது. வெல்லத்தைப் பழுப்புச் சர்க்கரைக்குப் பதிலாகப் போட்டு, பாகுகளின் இடத்தில் கோல்டன் சிரப்பையாவது முழு அளவுக்கும் வைத்துக்கொண்டால் குறை பெருமளவு தீரும்.

கடினமாகிவிட்ட கேக்கை மீட்கவும் வழியுண்டு. டின்னுக்குள் ஒரு ஆப்பிள் துண்டைக் கேக்கின்மேல் படாமல் ஒரு சிறு தாளில் வைத்து மூடினால் இரண்டு நாளில் ஓரளவு இளகும். துண்டைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் வந்துவிடும். அதற்கும் மசியாத கேக்கைச் சதுரங்களாக வெட்டிச் சூடாக்கி, மேலே சூடான கஸ்டர்டு ஊற்றிப் பரிமாறுங்கள். குளிர்கால இரவில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நடுப்பகுதி குழிந்துவிட்டது

விரலளவு ஆழத்துக்கும் குறைவான இலேசான பள்ளம் பார்க்கினுக்கு இயல்பானது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கிண்ணம்போல் குழிந்து, வெட்டினால் அடியில் பசைபோன்ற கரும்பட்டை தெரிந்தால்தான் அது பிழை.

இந்தக் கேக் ஏன் இவ்வளவு எளிதில் குழிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் திருத்தம் தானே விளங்கும். கேக்கைத் தாங்கி நிற்பவை கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதமும், வெந்து இறுகும் மாவுச்சத்தும், முட்டையும். பார்க்கினில் பாதி மாவு ஓட்ஸ் என்பதால் குளூட்டன் குறைவு. முட்டையும் ஒன்றே ஒன்று. போதாததற்குக் கலவையில் சர்க்கரையும் பாகும் மிகுதி. சர்க்கரை அதிகமாக ஆக, மாவுச்சத்து வெந்து இறுகத் தேவைப்படும் வெப்பநிலையும் உயர்கிறது. அதாவது உள்ளே வாயுக் குமிழிகள் பெருகிக்கொண்டிருக்கும்போது அவற்றைத் தாங்க வேண்டிய சுவர் இன்னும் குழைவாகவே இருக்கிறது. சோடா அதிகமானால் குமிழிகள் பெருத்து, ஒன்றோடொன்று கலந்து, சுவர் இறுகும் முன்பே உடைந்துவிடுகின்றன. கேக் எழும்பிய வேகத்திலேயே அமர்ந்துவிடுகிறது.

ஆகவே முதலில் சோடாவைச் சோதியுங்கள். தலை தட்டாமல் குவித்து அள்ளிய தேக்கரண்டியில் ஏறக்குறைய இரு மடங்கு சோடா வந்துவிடக்கூடும். மைதாவுக்குப் பதிலாகச் செல்ஃப் ரெய்சிங் மாவைப் பயன்படுத்தியிருந்தால், அதில் ஏற்கெனவே எழும்பும் பொருள் கலந்திருக்கிறது. அதோடு முழு அளவு சோடாவையும் போட்டால் குழிவது நிச்சயம். சில பார்க்கின் குறிப்புகள் செல்ஃப் ரெய்சிங் மாவு மட்டும் கேட்கும், சில மைதாவும் சோடாவும் கேட்கும். இரண்டு குறிப்புகளிலிருந்தும் பாதிப் பாதி எடுத்துச் சேர்ப்பவர்களுக்கே இந்தத் தொல்லை வருகிறது.

அடுத்தது ஓவனின் கதவு. கதவைச் சில நொடி திறந்தாலே ஓவனின் சூடு குறையும். சமையலறையே 13 டிகிரியில் இருக்கும் நாளில் அதே சில நொடியில் ஓவனின் காற்று சட்டென்று குளிர்ந்து, மீண்டும் சூடேற வெகு நேரம் எடுத்துக்கொள்கிறது. முதல் 45 நிமிடத்துக்குக் கதவைத் தொடவே வேண்டாம். கண்ணாடிக் கதவின் வழியாகப் பார்க்கக் கிடைப்பது போதும்.

மூன்றாவது காரணம் வேகாமல் எடுத்துவிடுவது. குச்சி செருகிப் பார்க்கும் சோதனை இந்தக் கேக்குக்கு முழுமையாக ஒத்துவராது. சரியாக வெந்த பார்க்கினிலும் பாகின் ஈரம் குச்சியில் ஒட்டும். குச்சியில் இரண்டு மூன்று ஈரத் துணுக்குகள் ஒட்டினால் வெந்துவிட்டது, ஓடும் மாவு வழவழவென்று பூசிக்கொண்டு வந்தால் வேகவில்லை என்று வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். அதைவிட நம்பகமான சோதனை விரல்தான். நடுவில் இலேசாக அழுத்தினால் மேற்பரப்பு உறுதியாக நின்று மெல்ல மீண்டு வர வேண்டும்; விரல் தடம் அப்படியே குழிந்து நின்றால் இன்னும் பத்து நிமிடம் வைக்கலாம். கேக்கின் ஓரம் தட்டின் சுவரிலிருந்து நூலளவு விலகத் தொடங்கியிருப்பதும் ஓர் அடையாளம்.

கடைசியாக, தட்டின் அளவு. 20 சென்டிமீட்டருக்கான கலவையை 15 சென்டிமீட்டர் தட்டில் ஊற்றினால் ஆழம் ஏறக்குறைய இரு மடங்காகும். ஓரம் வறண்ட பிறகும் நடு வேகாது. ஆழமான வட்டத் தட்டைவிட அகலமான சதுரத் தட்டே இந்தக் கேக்குக்குப் பொருத்தம்.

ஓரம் கருகிவிட்டது, நடு பச்சையாக இருக்கிறது

ஓவன் அதிகச் சூடாக இருக்கிறது என்பதே இதன் பொருள். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே நிறம் மாறிக் கருகக் கூடியவை. சாதாரணக் கேக்குகளுக்குப் பொருந்தும் 180 டிகிரி, டிரீக்கிள் சேர்ந்த கேக்குக்கு ஆகாது. குறிப்பில் 150 என்றிருந்தால் அது விசிறியில்லாத ஓவனுக்கா, விசிறி ஓவனுக்கா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய 20 டிகிரி வேறுபாடு.

ஓவனின் திருகு காட்டும் எண்ணும் உள்ளிருக்கும் வெப்பமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாடகை வீடுகளில் இருக்கும் பழைய ஓவன்களில் இருபது, முப்பது டிகிரி வேறுபாடு வியப்புக்குரியதல்ல. உள்ளே தொங்கவிடும் சிறிய ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கி நடுத்தட்டில் வைத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையில் சொல்லும் எந்தக் கருவியையும்விட அதற்குச் செலவிடும் பணம் பயனுள்ளது என்பது என் கருத்து. கறுப்பு நிறத் தட்டு வெப்பத்தை அதிகம் ஈர்ப்பதால் வெளிர் நிறத் தட்டைத் தேர்ந்தெடுப்பதும், தட்டின் உட்புறம் பட்டர் பேப்பரை இரட்டையாக விரிப்பதும் உதவும். மேற்பரப்பு சீக்கிரம் கறுத்தால் 45 நிமிடத்துக்குப் பின் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி வைக்கலாம்.

ஓட்மீல் பல்லில் கரகரக்கிறது

கடையில் எடுத்த பொட்டலத்தைத் திரும்பிப் பாருங்கள். ஓட்ஸ் பருப்பை இரண்டு மூன்று துண்டாக மட்டும் வெட்டியது பின்ஹெட். அது கஞ்சிக்குரியது, கேக்கில் வேகவே வேகாது. பார்க்கினுக்கு வேண்டியது ரவை அளவுக்கு உடைத்த நடுத்தர ஓட்மீல். ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கிய ஓட்ஸ் மட்டும் கிடைத்தால் மிக்ஸியில் இரண்டு மூன்று முறை விட்டு விட்டுச் சுற்றி, கொஞ்சம் பொடியும் கொஞ்சம் குருணையுமாக இருக்கும்படி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முழுதும் மாவாக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பார்க்கினுக்குரிய மெல்லும் சுகம் போய், வெறும் இஞ்சி கேக்காகிவிடும்.

பொட்டலம் சரியாக இருந்தும் கரகரத்தால், ஊறல் போதவில்லை. உருக்கிய பாகு வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஓட்மீலைக் கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். சோடாவை இந்தக் கட்டத்தில் சேர்க்கக் கூடாது: டிரீக்கிள் புளிப்புத் தன்மை கொண்டது, வெதுவெதுப்பான டிரீக்கிளில் சோடா பட்டதுமே நுரைக்கத் தொடங்கி, ஊறி முடிவதற்குள் வாயு வீணாகிவிடும். சோடா கலந்த மைதாவைக் கடைசியில் சேர்த்து, உடனே தட்டில் ஊற்றி ஓவனுக்குள் தள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் ஒரே நேரத்தில் கலக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். வேலை மிச்சமாகும், கேக்கின் தரம் குறையும்.

கலவையில் வெண்ணெய் கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது

இது முழுக்க முழுக்கக் குளிர்காலப் பிழை. உருக்கிய பாகோடு குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலையும் முட்டையையும் ஊற்றினால், உருகிய வெண்ணெய் அங்கங்கே இறுகி மஞ்சள் துணுக்குகளாகத் திரண்டு நிற்கும். அப்படியே சுட்டால் கேக்கின் அடியில் எண்ணெய் கசிந்து, மேலே வறண்டுபோகும். பாலையும் முட்டையையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைப்பது போதும் என்று பலரும் சொல்வார்கள். சூடேற்றாத சமையலறையில் ஒரு மணி நேரம் வெளியே வைத்த பாலும் குளிர்ந்துதான் இருக்கும். பாலை வெதுவெதுப்பாகச் சூடாக்குங்கள். முட்டையை ஓட்டோடு இளஞ்சூட்டு நீரில் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள்.

ஏற்கெனவே திரண்டுவிட்டது என்றால், மைதா சேர்க்காத நிலையில், கிண்ணத்தைச் சூடான நீர் நிறைந்த பாத்திரத்தின்மேல் வைத்துக் கிளறினால் மீண்டும் ஒன்றுசேரும். நீர் கொதிக்கக் கூடாது. எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: பாகு மிகுந்த சூட்டில் இருக்கும்போது முட்டையை ஊற்றினால் முட்டை வெந்து வெள்ளை நூல்களாகும். பாத்திரத்தின் வெளிப்புறத்தை உள்ளங்கையால் தயக்கமின்றிப் பிடிக்க முடிகிற சூடே சரியான சூடு.

சுவை கசக்கிறது, அல்லது சோப்பு வாடை வீசுகிறது

இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. சோப்பைப் போன்ற வழவழப்பும், நாவில் நிற்கும் உவர்ப்புக் கலந்த வாடையும் சோடா மிகுந்ததற்கு அடையாளம்; டிரீக்கிளின் புளிப்பால் செரிக்க முடிந்ததைவிட அதிகமான சோடா அப்படியே தங்கிவிட்டது. அப்போது கேக் வழக்கத்தைவிடக் கறுத்தும் இருக்கும்.

கசப்புக்கு முதலில் பாகைப் பாருங்கள். டிரீக்கிள் கிடைக்காத இடங்களில் பலர் வாங்கும் பிளாக்ஸ்ட்ராப் மொலாசஸ், சர்க்கரை ஆலையில் கடைசிக் கொதிப்புக்குப் பின் எஞ்சும் பாகு; இனிப்புக் குறைவு, கசப்பு மிகுதி. அதைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தால் 75 கிராமுக்கு மேல் போடாமல், மீதியைக் கோல்டன் சிரப்பால் நிரப்புங்கள். டிரீக்கிளே இருந்தும் கசப்பாகத் தோன்றினால் அது உங்கள் நாவின் விருப்பம் சார்ந்தது. யார்க்‌ஷயர்க்காரர்கள் டிரீக்கிள் தூக்கலாகச் சுடுவார்கள் என்றும், லங்காஷயர்க்காரர்கள் கோல்டன் சிரப்பைக் கூட்டிச் சற்றே வெளிறிய, இனிப்பான பார்க்கின் செய்வார்கள் என்றும் சொல்வதுண்டு. கோல்டன் சிரப் லண்டனில் உற்பத்தியானதே 1880களில்தான் என்பதால், கரிய பார்க்கினுக்கே பழைமை அதிகம். இரண்டு பாகுகளின் மொத்த எடையான 225 கிராமை மாற்றாமல், அதற்குள் விகிதத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பாகிலும் குறையில்லை என்றால் ஓட்மீலை முகர்ந்து பாருங்கள். மற்றத் தானியங்களைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம். அதைச் சிதைக்கும் நொதியை அடக்கவே ஆலையில் ஓட்ஸை ஆவியிலும் சூட்டிலும் பதப்படுத்துகிறார்கள். இருந்தாலும் போன குளிர்காலத்தில் பிரித்த பொட்டலம் இந்தக் குளிர்காலத்துக்குள் சிக்கெடுத்திருக்கும். பழைய எண்ணெய் வாடையோ பெயின்ட் வாடையோ வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். எவ்வளவு சுக்குப் போட்டாலும் அந்த வாடை மறையாது.

சுக்கின் காரம் தெரியவில்லை

பச்சை இஞ்சியைத் துருவிப் போட்டிருக்கிறீர்களா? பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் சமைக்கும்போது ஜிஞ்சரோனாக மாறி மென்மையடைகிறது. உலர்த்தும்போதோ ஷோகாலாக மாறிக் காரம் ஏறுகிறது. ஒரு மணி நேரம் வேகும் கேக்கில் தொண்டையில் இறங்கும் அந்தச் சூடு வேண்டுமென்றால் சுக்குத் தூள்தான் சரி. வீட்டில் இடித்த சுக்கானால் மெல்லிய வலைச் சல்லடையில் சலியுங்கள், இல்லையேல் நார் பல்லில் சிக்கும். கடைத் தூளானால் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏற வேண்டும். ஏறாத தூள் எத்தனை கரண்டி போட்டாலும் மண் சுவைதான் தரும். முதல் நாள் தூக்கலாகத் தெரியும் காரம் சில நாளில் பாகோடு இழைந்து தணிந்துவிடுகிறது என்பதால், சற்றுத் தாராளமாகவே போடுங்கள்.

டின்னுக்குள் கேக் நசநசத்துவிட்டது அல்லது பூஞ்சணம் பிடித்தது

மேற்பரப்பு ஒட்டுவது வேறு, நீர் கோத்து நசநசப்பது வேறு. முன்னது பார்க்கினின் இயல்பு. பின்னது, முழுவதும் ஆறாத கேக்கை மூடியதால் வருவது. குளிர்ந்த அறையில் கேக்கின் வெளிப்புறம் விரைவில் சில்லிட்டுவிடுகிறது. தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று எண்ணிச் சுற்றி வைத்தால், உள்ளே மிச்சமிருக்கும் சூடு நீராவியாகி, குளிர்ந்த டின்னின் சுவரில் துளித்துக் கேக்கின்மேல் சொட்டுகிறது. கம்பித் தட்டின்மேல் வைத்து, அடிப்புறத்தின் நடுவைத் தொட்டுப் பார்த்து, அங்கும் சூடில்லை என்று தெரிந்த பிறகே சுற்றுங்கள். இரவில் சுட்டால் காலையில் சுற்றலாம், ஆனால் வெப்பமூட்டி இரவு முழுதும் இயங்கும் அறையில் திறந்தபடி விடாதீர்கள். அந்தக் காற்று மிகவும் வறண்டது.

குளிர்பதனப் பெட்டியில் வைப்பதைத் தவிருங்கள். வெந்த மாவுச்சத்து மீண்டும் இறுகிப் பழையதாவது அந்தக் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். சூடேற்றாத அறையின் அலமாரியே போதும். நன்றாகச் சுற்றிய பார்க்கின் அங்கே இரண்டு வாரம்வரை தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் துண்டுகளாக்கி உறைய வைக்கலாம். பூஞ்சணம் தென்பட்டால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தின்ன வேண்டாம்.

வெட்டும்போது உதிர்கிறது

சூடாக இருக்கும்போது வெட்டினால் எந்தப் பார்க்கினும் உதிரும். மறுநாளும் உதிர்ந்தால் ஓட்மீல் அதிகம் அல்லது பாகு குறைவு. மேலே சொன்ன எடைக் கணக்கைப் பாருங்கள். நான்காம் நாள், நீண்ட கத்தியை வெந்நீரில் தோய்த்துத் துடைத்து, அறுக்காமல் நேராக அழுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை மீண்டும் துடைக்க வேண்டும். முழுக் கேக்கையும் ஒரே நேரத்தில் வெட்டாமல் அன்றைக்குத் தேவையான துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வெட்டிய பக்கத்தைப் பட்டர் பேப்பரால் ஒட்ட மூடி டின்னில் வைத்துவிடுங்கள்.